மார்ச் மாதத்தில் ஒரு லீவு

விஸ்வநாதன் லீவு போடமாட்டார் என்பது கல்கத்தா டல்ஹௌசி ஸ்கொயர் வட்டாரத்தில் ஊரறிந்த சங்கதி. தேயிலைக் கம்பெனியில் ஸ்டெனோவாகச் சேர்ந்து ஹெட் கிளார்க் ஆனவர். வெள்ளைக்காரத் துரைகள் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள், கம்பெனி கைமாறியது, ஊரில் குண்டு வெடித்தது, பந்த் நடந்தது. எதற்கும் விஸ்வநாதன் அசையவில்லை. பஸ் ஓடாத நாளில் லேக் மார்க்கெட் வீட்டிலிருந்து நடந்தே ஆபீஸ் போய், பூட்டிய கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்த மனிதர். மகன் பிறந்தபோது அரை நாள் எடுத்தார். அதையும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து ஈடுகட்டினார். உலகமே தன் தலையில் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டு கோபுரத்தைத் தாங்கும் பொம்மை மாதிரி வாழ்ந்தார். அவர் இல்லாமலும் தேயிலை விற்றிருக்கும் என்று சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

அவர் மனைவி சாவித்திரிக்கு ஓர் ஆசை இருந்தது. நகை நட்டு இல்லை, புடவை இல்லை. கல்கத்தாவுக்கு வாழ வந்த நாளாக அவள் பார்த்தது ஒரு சந்து, அதில் இரண்டு அறை, மொட்டைமாடியில் துணி உலர்த்தப் பாதி இடம். எப்போதாவது மெட்ராஸ் மெயிலில் போகும்போது, ஹௌரா தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே குளமும் மூங்கிலும் வைக்கோல் வேய்ந்த வீடும் ஓடும். அங்கே ரயில் நிற்காது.

"ஒரு நாள் இந்த மாதிரி ஊர்ல எறங்கி, சும்மா நடந்துட்டு வரணும்" என்பாள்.

"போலாம், போலாம். மார்ச் க்ளோசிங் முடியட்டும்" என்பார் அவர்.

மார்ச் முடிந்தால் வெயில். வெயில் முடிந்தால் மழை. அப்புறம் பூஜா, அப்புறம் குளிர். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். விஸ்வநாதன் வீட்டில் தை பிறந்தால் மறுபடி மார்ச் க்ளோசிங்தான் பிறந்தது. மகன் வளர்ந்து பிலாய் எஃகு ஆலைக்கு வேலைக்குப் போனான். அவளும் கேட்பதை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டாள்.

எழுபத்துநாலாம் வருஷம் குளிர்காலத்தில் அவளுக்கு வயிற்று வலி வந்தது. கஷாயம், மாத்திரை எல்லாம் ஆகி, கடைசியில் அலிப்பூரில் ஒரு பெரிய டாக்டரிடம் போனார்கள். அவர் சாவித்திரியை வெளியே உட்காரவைத்துவிட்டு விஸ்வநாதனிடம் மெதுவாகச் சொன்னார். மாம்பழக் காலம் வரை இருப்பாள். துர்கா பூஜை வரை எதிர்பார்க்காதீர்கள்.

"என்ன சொன்னார்?" என்று டாக்ஸியில் சாவித்திரி கேட்டாள்.

"அல்சராம். காரம் சேக்கப்படாதாம்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். அந்தப் பொய்யை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்பது ஒன்றே அதன்பிறகு அவர் எண்ணமாக இருந்தது. அவள் தெரிந்துகொள்ளாமல், பயப்படாமல், சந்தோஷமாக ஒரு நாளாவது இருக்க வேண்டும். மறுநாளே ஆபீசில் லீவு கேட்டார். மார்ச் மாதம், கணக்கு முடிக்கிற நேரம். மேனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார். பக்கத்து நாற்காலி நிகில் பாபுவுக்கு பாருய்ப்பூர் தாண்டி ஒரு கிராமத்தில் பூர்வீக வீடு. தன் மனைவி குழந்தைகளோடு பிறந்தகம் போயிருப்பதாகவும், வீட்டில் அண்ணி மட்டும் இருப்பதாகவும், தாராளமாகப் போகலாம் என்றும் அவர் சொன்னார்.

"வியாழக்கிழமை லீவு போட்டிருக்கேன். கிராமத்துக்குப் போறோம்" என்று வீட்டில் வந்து அறிவித்தார் விஸ்வநாதன்.

சாவித்திரி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை ஒரு கணம் நின்றது. ஏன், எதற்கு என்று எதுவும் கேட்கவில்லை. "சரி" என்றாள்.

வியாழக்கிழமை காலை ஸியால்தாவில் லோக்கல் ரயில் ஏறினார்கள். அவள் மடியில் ஒரு துணிப்பை கனமாக இருந்தது. சாப்பாட்டு மூட்டை என்று அவர் நினைத்துக்கொண்டார். கொய்யாத் தோப்புகள் தாண்டி ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கியபோது வானம் மூடியிருந்தது. மிதிவண்டி பூட்டிய தட்டு ரிக்‌ஷாவில் பாதி தூரம் போகுமுன் தூறல் விழுந்தது.

"குடை கொண்டு வரலையே" என்று பதறினார்.

"வந்தா வரட்டுமே. நன்னாத்தான் இருக்கு" என்றாள் சாவித்திரி. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டாள். செருப்பைக் கழற்றி ரிக்‌ஷாவிலேயே போட்டுவிட்டு, வரப்போரச் சேற்றில் காலை வைத்தாள். விரல்களுக்கு நடுவே சேறு பிதுங்கியது. சிரித்தாள்.

பனி போய் வெயில் வராத அந்த இடைக்காலம். இலையில்லாத இலவ மரங்களில் சிவப்புப் பூ மட்டும் கொள்ளையாக இருந்தது. நாற்று நட்ட வயலில் தண்ணீர் நின்றது. அதில் மழை புள்ளி வைத்துக்கொண்டே போனது. எங்கோ மூங்கிலுக்குள் ஒரு குயில் விடாமல் கத்தியது. வழியில் முருங்கை மரத்தடியில் பூ உதிர்ந்து கிடந்ததைப் பார்த்துச் சாவித்திரி குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள். முந்தானையில் சேர்த்துக்கொண்டாள். மழை முகத்தில் வழிந்தது, குங்குமம் மூக்குவரை இறங்கியது. அவள் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. கல்யாணமான புதிதில்கூட இப்படி ஒரு முகத்தை விஸ்வநாதன் பார்த்ததில்லை. பார்க்க அவருக்கு அப்போது நேரம் ஏது?

நிகில் பாபுவின் அண்ணியை எல்லாரும் பௌதி என்றுதான் கூப்பிடுவார்கள். வங்காளத்தில் அண்ணிக்கு அதுதான் பெயர். வெள்ளைப் புடவை, வெறும் நெற்றி, வெறும் கை. கணவன் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. நனைந்து வந்தவர்களைப் பார்த்துத் துண்டு கொடுத்தாள், டீ போட்டாள், பொரியில் கடுகெண்ணெய் பிசைந்து கத்தரிக்காய் பஜ்ஜியோடு கொண்டுவந்து வைத்தாள். மாமரத்தைக் காட்டி, பூத்திருக்கும் நேரத்தில் இந்த மழை ஆகாது, பாதிப் பூ கொட்டிவிடும் என்று வருத்தப்பட்டாள்.

சாவித்திரி பொரியைத் தொடவில்லை. "இன்னிக்கு உபோஷ்" என்றாள், காய்கறிக்காரர்களிடம் கற்ற வங்காளியில்.

"என்ன பட்டினி?" என்று விஸ்வநாதன் திரும்பினார்.

"மாசி கடைசியோன்னோ. காரடையான் நோன்பு. சாயங்காலம்தான் பங்குனி பொறக்கறது."

அவருக்கு உறைக்கவே இல்லை. புருஷன் ஆயுளுக்காகப் பெண்கள் பட்டினி கிடந்து, மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில் அடை படைத்து, மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளும் நாள் அது. ஒவ்வொரு வருஷமும் அது மார்ச் மாதத்தில், அவர் ஆபீசில் இருக்கும்போதுதான் வந்து போயிருக்கிறது. இரவு தட்டில் ஆறிப்போன அடை இருக்கும். பேப்பரைப் பார்த்துக்கொண்டே தின்பார். அவ்வளவுதான் அந்த நோன்பில் அவருடைய பங்கு.

"இந்த உடம்போட பட்டினியா? மழை விட்டதும் கிளம்பிடலாம்."

"விடாது. விட்டாலும் கிளம்பப் போறதில்லை" என்று அவள் பையைத் திறந்தாள். வறுத்த அரிசி மாவு, ஊறின காராமணி, வெல்லம், ஒரு மூடி தேங்காய், சின்ன டப்பாவில் வெண்ணெய், மஞ்சள் தடவின கயிறு. எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தாள்.

அடுப்புதான் பிரச்சினை ஆயிற்று. பெரிய சமையலறையில் மீன் வாசனை சுவரிலேயே ஊறியிருந்தது. பௌதிக்கு உடனே புரிந்தது. பின்கட்டில் தனக்கென்று இருந்த மண் அடுப்பைக் காட்டினாள். விதவை சமையல், வெங்காயம்கூட அங்கே நுழையாது. காட்டிவிட்டு அவளே கூசினாள். சுமங்கலி நோன்புக்கு என் அடுப்பா என்று கேட்டாள்.

"மீன் படாத அடுப்பு இது ஒண்ணுதானே. அம்பாளுக்கு இது போறும்" என்று சாவித்திரி தமிழிலேயே சொன்னாள். பௌதிக்குச் சொல் புரியாவிட்டாலும் முகம் புரிந்தது. விறகைத் தள்ளி ஊதிக் கொடுத்தாள். புகைக்கு நடுவே, தானும் சிவராத்திரிக்குச் சிவராத்திரி புருஷனுக்காகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்ததாகச் சொன்னாள். 

மழை வலுத்தது. ஓட்டு விளிம்பிலிருந்து நீர் கயிறு கயிறாக இறங்க, பின்னால் குளத்தில் பாசி பச்சைப் பசேலென்று அசைந்தது. அடை வெந்ததும் வாழையிலையில் வெண்ணெயோடு வைத்து, சுவரோரம் ஒரு கோலம் போட்டு, பொறுக்கி வந்த முருங்கைப் பூவையே சாத்தினாள் சாவித்திரி. பௌதி தானாகவே எழுந்து முன்கட்டுக்குப் போய்விட்டாள்.

"நான்தான் வருஷா வருஷம் கட்டிப்பேன். இன்னிக்கு நீங்க இருக்கேள். கட்டுங்கோ" என்று சாவித்திரி கயிற்றை நீட்டினாள்.

விஸ்வநாதன் அவள் பின்னால் போய் நின்றார். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ஈரக் கயிறு வழுக்கியது. முடிச்சு விழவில்லை. இரண்டு தரம் நழுவிவிட்டது.

"மாசிக் கயிறு பாசி படியும்னு சொல்லுவா" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டுச் சாவித்திரி குளத்தைப் பார்த்தாள். "இது பாசி படியற வரைக்கும் இருக்காது. இருந்தாலும் முடிச்சை நன்னாப் போடுங்கோ."

அவர் கை நின்றுவிட்டது. "யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலை. நான் கேட்டுக் கேட்டுப் பார்த்தும் லீவு போடாத மனுஷர். மார்ச் மாசத்துல, நான் கேக்காமலே லீவு போட்டேளே. அப்பவே தெரிஞ்சு போச்சு."

 விஸ்வநாதன் அங்கேயே மண்தரையில் உட்கார்ந்தார். இத்தனை பாடுபட்டுப் பொத்தி வைத்த பொய்யை அந்த ஒரு நாள் லீவே காட்டிக்கொடுத்துவிட்டது. அழுகை வந்தது, அதை அடக்குகிற வயதும் தெம்பும் அவருக்குப் போய்விட்டிருந்தன.

"அழாதேங்கோ. இத்தனை வருஷமா நான் என்ன வேண்டிண்டேன்? நீங்க இருக்கறச்சே நான் போகணும்னுதானே. அம்பாள் குடுத்துட்டா. கேட்டதைக் குடுத்தா அழலாமா?"

"என்னை யாரும் கேக்கலையே, சாவித்திரி."

 அதற்குப் பதில் வைத்து யாரும் அந்த நோன்பை உண்டாக்கவில்லை. அவள் அவர் தலையில் கை வைத்தாள். பிறகு கயிற்றை மறுபடி அவர் கையில் கொடுத்துத் திரும்பி உட்கார்ந்தாள். இந்தத் தடவை முடிச்சு விழுந்தது.

அப்புறம் அடை சாப்பிட்டார்கள். சூடாக, வெண்ணெய் உருகும் முன்பே. இத்தனை வருஷத்தில் அந்த அடையை அவர் சூடாகத் தின்றது அன்றுதான். பௌதிக்கும் ஓர் இலையில் சாவித்திரி கொண்டுபோய்க் கொடுத்தாள். மழை வெறித்ததும் ஸ்டேஷனுக்கு நடந்தே போனார்கள். வலியில் அவள் இரண்டு மூன்று இடத்தில் நின்றாள். நின்ற இடத்திலெல்லாம் எதையாவது காட்டினாள். வாத்துக் கூட்டம், வைக்கோல் போர், நனைந்த ஆடு. "நல்ல ஊர். இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்" என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள். குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் அவரை அறுத்தது.

டாக்டர் சொன்ன கணக்கு தப்பவில்லை. மாம்பழம் முடிந்து, ஆடியில், மஞ்சளும் குங்குமமுமாகச் சாவித்திரி போனாள். கொடுத்து வைத்தவள் என்று லேக் மார்க்கெட் மாமிகள் எல்லாரும் சொன்னார்கள். அந்த வார்த்தையைக் கேட்கும்போதெல்லாம் விஸ்வநாதன் எழுந்து வேறு அறைக்குப் போனார்.

அடுத்த வருஷம் மார்ச் மாதம், க்ளோசிங் நேரத்தில், அதே நோன்பு நாளுக்கு அவர் லீவு போட்டார். மேனேஜர் உடனே கையெழுத்துப் போட்டார். அதே லோக்கல், அதே சின்ன ஸ்டேஷன். அன்று மழை இல்லை. பௌதி பொரியும் டீயும் கொண்டுவந்து வைத்தாள்.

"இன்னிக்கு உபோஷ்" என்றார் விஸ்வநாதன்.

அவள் புரிந்துகொண்டு தட்டை எடுத்துப் போனாள். ஆண்பிள்ளைக்கு ஏது இந்த நோன்பு, அதுவும் யாருடைய ஆயுளுக்காக என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. குளக்கரையில் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் தாண்டியதும் வயிறு சுருண்டது, தலை கிறுகிறுத்தது. இந்தப் பசியோடு நின்றுதான் சாவித்திரி வருஷா வருஷம் அடை தட்டியிருக்கிறாள். அப்போதெல்லாம் அவர் ஆபீசில் இருந்தார்.