நான் படம் எடுத்த இலக்கம்

காரின் லொக் புக்கும் சாரதி லைசென்சும் இல்லாமல் என் கடையில் ஒருவருக்கும் இலக்கத் தகடு கிடையாது. சட்டம் அது. மனைவியின் மாமா ஒருமுறை வந்து, "என்னையே உனக்குத் தெரியாதோ?" என்று குதித்தார். "உங்களைத் தெரியும் மாமா, காரைத்தான் எனக்குத் தெரியாது" என்று திருப்பி அனுப்பினேன். அதற்குப் பிறகு அவர் என் வீட்டுப் படி ஏறவில்லை. ஏறாவிட்டால் போகட்டும். லண்டன் ஈஸ்ட் ஹாமில் கார் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறவன் கறாராக இல்லாவிட்டால் கடையை வித்துப்போட்டுப் போகவேண்டியதுதான்.

அந்தக் கறாரை வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கும் கொண்டுபோனேன். மஞ்சள் ஜக்கெட் போட்டுக்கொண்டு கார் பார்க்கைப் பார்ப்பது என் தொண்டு. ஒருவரும் கேட்டுக்கொண்டதில்லை, நானாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒரு தாயும் மகனும் கடைக்கு வந்தார்கள். தாய்க்கு எழுபது இருக்கும். மகன் நாற்பதை எட்டுகிற வயது, தலைமயிரை ஒட்ட வெட்டிய, நிமிர்ந்த ஆள். தாய்தான் கதைத்தார்.

"தம்பி, பின் நம்பர் பிளேட்டை ஆரோ உதைச்சு உடைச்சுப்போட்டாங்கள். நாசமாய்ப் போவாங்கள். கோயில் கார் பார்க்கிலை, தம்பி. கோயிலிலை!"

"கும்பிட வந்தவன் ஏன் அக்கா பிளேட்டை உதைக்கிறான்? கடவுளோடை கோவமோ?" என்று பகிடி விட்டேன். தாய் சிரிக்கவில்லை. மகன் நான் கேட்கமுன்னமே லொக் புக்கையும் லைசென்சையும் மேசையில் வைத்தான். அப்படி ஒரு வாடிக்கையாளரை நான் கண்டதே இல்லை. ஆளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

கணினியில் இலக்கத்தை அடிக்கத் தொடங்கினேன். நாலாவது எழுத்தில் விரல் நின்றுவிட்டது. முகங்கள் எனக்கு மறக்கும், இலக்கங்கள் மறக்காது. தொழில் அப்படி. இந்த இலக்கத்தை நான் படம் எடுத்திருந்தேன்.

மூன்று கிழமைக்கு முந்திய வெள்ளி அது. கோயிலில் ஊனமுற்றோருக்கான இடத்தில் இந்தக் கார் நின்றது. கண்ணாடிக்குள் அதற்கான அனுமதி அட்டை, ப்ளூ பட்ஜும் இருந்தது. ஆனால் இறங்கிய ஆள் தனியாக, விறுவிறென்று நடந்து உள்ளே போனான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாய் தகப்பனுடைய பட்ஜை வைத்துக்கொண்டு பிள்ளைகள் ஓடித்திரிவது இங்கே புதினமா என்ன? போய் ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. இலக்கம் தெளிவாகத் தெரியப் பின்பக்கமாய் ஒரு படம் எடுத்து, கோயில் வாட்ஸப் குறூப்பில் போட்டு, கீழே நாலு வரியும் எழுதினேன். கைதட்டுகிற படங்கள் வந்து குவிந்தன. வீட்டுக்குப் போய் நல்லாய்ச் சாப்பிட்டேன்.

"நிக்காதை, இருந்து காலைக் கொஞ்சம் ஆத்து" என்றார் தாய் மகனிடம். அவன் கதிரையில் அமர்ந்து காற்சட்டையை முழங்கால் வரை உருட்டினான். முழங்காலுக்குக் கீழே ஓர் உலோகக் குழாய். அதன் நுனியில் சப்பாத்து.

ஐயோ கடவுளே, என்ன செய்துவிட்டேன்!

"இப்ப காரை மூண்டு றோட்டு தள்ளி விட்டிட்டு நடந்து வாறான், தம்பி. ஏனெண்டு கேட்டாச் சொல்லுறானில்லை. உரஞ்சி உரஞ்சிப் புண்ணாய்ப் போச்சு" என்ற தாய், நான் கேட்காமலே, "பைக் அக்சிடென்ட்" என்றும் சொன்னார்.

"அம்மா, இனாஃப்" என்றான் மகன். பிறகு என்னைப் பார்த்து, "இல்லை அங்கிள். ஆமி."

இலங்கையில் அந்தச் சொல்லைக் கேட்டு வேலி பாய்ந்தவன் நான். அந்தச் சொல்லுக்குப் பயந்துதான் ஜெர்மனிக்கு ஓடி, அங்கிருந்து இங்கே வந்தவன். என் வாய் தானாகக் கேட்டது:

"எந்த ஆமி?"

"பிரிட்டிஷ் ஆமி. ஆப்கானிஸ்தான்லை மைன் வெடிச்சது."

தாய் எழும்பிப்போய்க் கடைக் கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தார். ஒருவரும் இல்லை என்று கண்ட பிறகுதான் வாயைத் திறந்தார். "தம்பி, ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ. என்ரை கூடப்பிறந்தவனை ஊரிலை ஆமி பிடிச்சுக்கொண்டு போனது. திரும்பி வரேல்லை. நான் பெத்தது ஆமியிலை சேர்ந்தது எண்டு எங்கடை சனத்துக்கு எந்த முகத்தோடை சொல்லுறது? இத்தனை வருசமாய் பைக் எண்டுதான் சொல்லி வாறன்."

மகன் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். வெளிநாட்டுக் கார் ஒன்றின் இலக்கத் தகடு, ஓரத்தில் சக்கர நாற்காலிச் சின்னம். "அமெரிக்காவிலை காயப்பட்ட சோல்ஜர்ஸுக்கு ஒரு கேம்ஸ் வைச்சவை, போனனான். பாருங்கோ, அங்கை அவைக்கெண்டு தனி பிளேட். ஒருத்தருக்கும் எக்ஸ்பிளெயின் பண்ணத் தேவையில்லை. இஞ்சை அப்பிடிச் செய்து தர ஏலுமோ அங்கிள்?"

"ஏலாது. இஞ்சை ஓரத்திலை ஒரு கொடி போடலாம். மற்றது ஒண்டுக்கும் சட்டமில்லை" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

தகட்டைச் செய்யப் போனேன். அச்சடித்த தாளை பிளாஸ்டிக் பலகையில் ஒட்டி அழுத்துவது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அன்று கோணலாய் ஒட்டியது. எறிந்துவிட்டு இரண்டாவது செய்தேன். இலக்கத்துக்குக் கீழே கடையின் பெயர், அதாவது என் பெயர், பொடி எழுத்தில் வரும், அதுவும் சட்டம். அவனுடைய இலக்கத்தின் கீழ் என் பெயர் இருப்பதைக் கண்டதும் என்னால் தாங்க முடியவில்லை. வெளியே வந்து, "அந்தப் படத்தைப் போட்டது நான்தான்" என்றேன்.

"ஐ நோ, அங்கிள்" என்றான் அவன், நிதானமாக. "குறூப்பிலை உங்கடை பேர் இருந்தது. அதுதான் இஞ்சை வந்தனான். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஃப்ரெண்ட் ஒருத்தன் பார்க்கிங் கம்ப்ளெயின்ட் எண்டு மட்டும் சொன்னான். மிச்சத்தைச் சொல்லுறானில்லை. கீழை என்ன எழுதியிருக்கு? வாசியுங்கோ. அம்மாவும் கேக்கட்டும்."

"என்ன படம்?" என்றார் தாய்.

கைப்பேசியை எடுத்தேன். என் எழுத்தை நானே வாசித்தேன். "இந்தக் காரின் சொந்தக்காரருக்கு இரண்டு காலும் கல்லுப்போல இருக்கின்றன. ஊனம் காலில் இல்லை, மனத்தில். கோயிலிலேயே களவு செய்கிறவர்." நாலாவது வரிக்கு முன் கைப்பேசியைக் கீழே வைக்கப் பார்த்தேன். அவன் விடவில்லை, காத்திருந்தான். வாசித்தேன். "கண்டால் சும்மா விடாதீர்கள்."

தாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப பிளேட்டை உதைச்சதும் நீர்தான்" என்றார். அதுவரை 'நீங்கள்' என்று கதைத்தவர்.

"ஓம்" என்றேன். உதைத்த கால் எவனுடையதோ, எனக்குத் தெரியாது. ஆனாலும் ஓம்தான்.

குறூப்பில் மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன் என்றேன். "என்னெண்டு எழுதுவீங்கள்?" என்று மகன் கேட்டான். உண்மையை எழுதினால் தாயின் இரகசியம் போய்விடும். "பைக் எண்டே எழுதட்டோ அக்கா?" என்றேன். கோழைப் புத்தி.

அவர் மகனுடைய காலைப் பார்த்தார். "வேண்டாம். ஆமி எண்டே எழுதும். கால் அங்கைதான் போனது எண்டும் எழுதும். இவனை மூண்டு றோட்டு நடக்க விட்டிட்டு எனக்கென்ன மானம்? எழுதிப்போட்டு வாசியும், அவனுக்கு விளங்கட்டும்."

எழுதினேன். வாசித்தேன். மகன் தலையை ஆட்டிய பிறகு அனுப்பினேன். அவன் தகட்டை வாங்கி, இலக்கத்தைச் சரிபார்த்து, "தாங்ஸ் அங்கிள்" என்றான். அந்த நன்றிக்குப் பதிலாக என்னை ஓர் அறை அறைந்திருக்கலாம்.

அவர்கள் கார் திரும்பிப் போகமுன்னமே கைப்பேசி அதிர்ந்தது. குறூப்பில் முதலாவது பதில் வந்திருந்தது.

"எந்த ஆமி?"

இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் மஞ்சள் ஜக்கெட்டோடு நிற்கிறேன். பட்ஜ் வைத்த காரை மறிப்பதில்லை, இறங்குகிறவரின் காலைப் பார்ப்பதில்லை. இலக்கத்தை மட்டும் பார்க்கிறேன். அந்த இலக்கம் இன்னும் வரவில்லை.