நானூற்றாறில் முடியும் எண்

துப்பாக்கியில் பொறித்த எண்ணைப் படித்து முடித்தாயிற்று. அவர் தேடும் எண் அது இல்லை. சரி, அடுத்த மேசைக்கு நகர வேண்டியதுதானே? நகர மாட்டார். எமில் பாவ்லிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தத் துப்பாக்கிக்கு நொட்டை சொல்ல ஆரம்பிப்பார். விற்க உட்கார்ந்திருக்கும் கர்டிஸுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, தீயணைப்பு நிலையக் கூடத்தில் பழைய துப்பாக்கிச் சந்தை. கதவு திறந்த ஐந்தாவது நிமிஷம் எமில் உள்ளே இருப்பார். எழுபத்தாறு வயது. தலையில், எப்போதோ மூடிவிட்ட இரும்பாலையின் பெயர் போட்ட தொப்பி. அவர் தொடுவது ஒரே ரகம்தான்: பழைய ராணுவ எம்-1 காரண்ட். விசையை அமுக்க அமுக்க ஒவ்வொன்றாகச் சுட்டு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரகம். சட்டைப்பையில் மருந்து எடுத்துவிட்ட ஒற்றைத் தோட்டா வைத்திருப்பார். அதன் முனையைக் குழலின் வாயில் செருகிப் பார்ப்பார். அது ஆழமாக இறங்கினால் குழல் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு துப்பாக்கியின் மரக் கட்டையை நகத்தால் தடவுவார். முகர்ந்துகூடப் பார்ப்பார்.

"கட்டைய உப்புத்தாள் போட்டுத் தேச்சிருக்கான் பாரு. ராணுவ முத்திர எங்க? போச்சு. குழலும் மாத்தினது. ஆயிரத்து இருநூறா? எழுநூறு தேறாதுப்பா."

இதைக் காதோடு சொன்னாலும் பரவாயில்லை. பக்கத்தில் பர்ஸை வெளியே எடுத்த ஆள் அதை மறுபடி உள்ளே வைக்கிற மாதிரி உரக்கச் சொல்வார்.

"நீங்களும் வாங்க மாட்டீங்க, வாங்க வந்தவனையும் விட மாட்டீங்க. நான் பொழைக்க வேணாமா?" என்று கர்டிஸ் கத்தாத குறையாகக் கேட்பான்.

"இருக்கறதத்தானே சொன்னேன். அதுக்கு ஏன் கோவிச்சுக்கற?"

இருக்கிறதைத்தான் சொல்வார், அதுதான் இன்னும் எரிச்சல். பதினொரு வருஷத்தில் ஒரு மதிப்புகூடத் தப்பியதில்லை. கர்டிஸின் மனைவி மார்லீன் காபியை நீட்டியபடி, "அந்தாளுக்குச் சம்பளம் குடுத்து நம்ம பக்கம் உக்கார வெச்சிரு. செலவு கம்மி" என்பாள்.

அவர் தேடும் எண் அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். 2318406. ஆலை மூடிய வருஷம், ஜனவரிக் குளிரில் வீட்டைச் சூடாக்கும் உலை பழுதாகி நின்றுபோயிற்று. மூன்று பிள்ளைகளும் கோட்டைக் கழற்றாமல் படுத்தார்கள். எமில் தன் காரண்டை ஒரு கடை வாசலில் முன்பின் தெரியாத ஒருவனுக்கு இருநூறு டாலருக்குக் கொடுத்தார். அதைச் சொல்லும்போதெல்லாம் கடைசியில் இதையும் சொல்வார்: "அந்தப் பய குழலுக்குள்ள எட்டிக்கூடப் பாக்கலப்பா. வெறக வாங்குற மாதிரி தூக்கிட்டுப் போனான்."

"அம்பது லட்சம் துப்பாக்கி செஞ்சிருக்கான். அதுல ஒண்ணு உங்களத் தேடிக்கிட்டு என் மேசைக்கு வருமா? வேற ஒண்ண வாங்கித் தொலைங்களேன்" என்று கர்டிஸ் நூறு தடவையாவது சொல்லியிருப்பான். வேறு எதுவும் அவருக்கு வேண்டாம். அந்த ஒன்று வேண்டும்.

வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒருவர் இறந்துபோக, பிள்ளைகள் அவருடைய துப்பாக்கிகளை மொத்தமாகக் கர்டிஸிடம் விற்றார்கள். பதிவேட்டில் எழுதக் குனிந்த கர்டிஸ், 406 என்று படித்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். பிறகு முழுசாகப் பார்த்தான். கட்டையை வழவழவென்று தேய்த்து, மஞ்சளாக வார்னிஷ் அடித்திருந்தார்கள். தொலைநோக்கி மாட்டுவதற்காக இரும்பில் மூன்று ஓட்டை. அம்பது லட்சத்தில் ஒன்று வந்தது, அதுவும் இந்த லட்சணத்தில். கிழவர் வாயாலேயே இதைக் கழித்துவிட்டால் அப்புறம் அவர் எதைத் தேடி வருவார்? கர்டிஸுக்கு அன்று இரவெல்லாம் அவர் மேல்தான் கோபம்.

சனிக்கிழமை எமில் வந்தார். கர்டிஸ் துப்பாக்கியை மேசையில் வைத்தான். அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றவில்லை. விரல் போய் அந்த மூன்று ஓட்டைகளில் ஒவ்வொன்றாக நின்றது.

"எவ்வளவு?"

"உங்க கணக்குப்படியே வெச்சிக்கலாம். தேச்ச கட்ட, ஓட்ட போட்ட இரும்பு. அறுநூறு குடுங்க."

எமில் நிமிர்ந்தார். முகம் சிவந்துவிட்டது. "அறுநூறா? என்னப்பா வியாபாரம் பண்ற நீ? ஆயிரத்து இருநூறு."

"அட, நீங்க வாங்குற ஆளு. விலைய ஏத்திக் கேக்குறீங்க."

"ஆயிரத்து இருநூறு. அதுக்குக் கொறஞ்சா எனக்கு வேணாம்."

"பதினொரு வருஷமா என் தொண்டைத் தண்ணிய வத்த வெச்சீங்களே, முத்திர இல்ல, கட்ட சரியில்லன்னு. இதுல எது சரியா இருக்கு சொல்லுங்க."

"எரநூறுக்கு ஒருவாட்டி குடுத்துட்டேன் கர்டிஸ். மறுபடி இத மலிவா பேச என்னால ஆகாது."

கர்டிஸ் மார்லீனைப் பார்த்தான். அவள் விற்பனைப் படிவத்தை எடுத்து வைத்தாள். எண்ணுக்கான கட்டம் வந்ததும், அவள் குனிந்து பார்ப்பதற்குள் எமில் ஏழு இலக்கத்தையும் ஒப்பித்துவிட்டார்.

கர்டிஸுக்கு மனசு கேட்கவில்லை. "குழலையாவது பாருங்க. உள்ள என்ன கதியில இருக்கோ. நானே இன்னும் பாக்கல."

எமிலின் கை பழக்கத்தில் சட்டைப்பைக்குப் போனது. தோட்டாவைத் தொட்டுப் பார்த்தது. பிறகு பையின் மூடியை இழுத்துவிட்டுப் பொத்தானைப் போட்டது.