வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவர்

போன வாரம் ஒரு காலையில், என் அச்சகத்தில் தீபாவளிப் பட்டாசு லேபிள்களை வெட்டிக்கொண்டிருந்தபோது, மாரீஸ்வரி அக்கா போய்விட்டார் என்று அவருடைய பட்டாசுக் கம்பெனிக் கணக்கர் போனில் சொன்னார். மாரடைப்பு. மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். துக்க வீட்டுப் பந்தலில் எனக்கு முன்னால் இருந்த இருவர், ஓடுகிற கம்பெனியைச் சுருக்கிவிட்டுப் போன பொம்பளை என்று பேசிக்கொண்டார்கள். இழவு வீடு என்பதால் அங்கே வாய் திறக்கவில்லை. அக்காவை அறிந்த உங்களிடம் இந்த நினைவுக் குறிப்பில் திறக்கிறேன்.

கணவர் இறந்தபின் கம்பெனியில் அவருடைய பெரும்பங்கு அக்கா பெயருக்கு வந்தது. கம்பெனியை ஓட்டியவர், அதில் சிறு பங்கு வைத்திருந்த அக்காவின் கொழுந்தனார். வடக்கேயிருந்து ஒரு பெரிய ஆர்டர் வர, சரக்கு வாங்க வங்கியில் கடனுக்கு விண்ணப்பித்தார். நீட்டிய இடத்தில் அக்காவும் கையெழுத்துப் போட்டார்.

சில நாள் கழித்து எம். புதுப்பட்டிப் பக்கம் இருந்த ஆலைக்குப் போனார். அறைகளில் இடமில்லாமல் பெண்கள் மரத்தடியில் உட்கார்ந்து வெடிமருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஏன் இங்கே என்று கேட்டிருக்கிறார். “ஆர்டர் கூடிருச்சுல்லம்மா. உள்ள எம்புட்டுப் பேருதான் உக்கார?” என்றாராம் ஒரு பெண், கை வேலையை நிறுத்தாமல். கடன் வந்தால் மருந்து பெருகும், அறைகள் பெருகாது. அது அக்காவுக்கு அங்கேயே விளங்கிவிட்டது.

மறுநாள் என்னை வங்கிக்கு வரச் சொன்னார். “கடனை வேண்டாம்னு எழுதிக் குடுக்கப் போறேன் தம்பி. ஒங்க லேபிள் ஆர்டரும் இதுல போயிரும். பெறத்தியார் சொல்லி நீங்க கேக்கக் கூடாதுல்ல” என்றார். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஆனாலும் கூடவே போனேன்.

கடன் அனுமதியாகிவிட்டது, பணம்தான் இன்னும் கணக்கில் ஏறவில்லை, இந்த நேரத்தில் யாராவது ரத்து செய்வார்களா என்று வியந்தார் மேலாளர். பரிசீலனைக் கட்டணம் திரும்ப வராது என்று எச்சரித்தார். போகட்டும் என்றார் அக்கா. ஆனால் கடனுக்காக முன்கூட்டியே கட்டிய காப்பீட்டுப் பணம் என்ன ஆகும் என்று கேட்டார். கடனே இல்லையென்றால் காப்பீடு எதற்கு? மேலாளர் யாருக்கோ போன் செய்து பேசிவிட்டு, அது திரும்ப வரும், தனியாக எழுதித் தர வேண்டும் என்றார். அங்கேயே இரண்டையும் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் வாங்கினார். இந்தக் கடனுக்கு அடமானமாகக் கொடுத்திருந்த தன் வீட்டுப் பத்திரத்தைக் கையில் வாங்காமல் நாற்காலியை விட்டு எழவில்லை.

செய்தி கேட்டு வீட்டுக்கு வந்த கொழுந்தனார் கத்தவில்லை, கெஞ்சினார். “ஊரே சிரிக்கும் மதினி. அட்வான்ஸ வேற வாங்கிட்டோம்” என்றார்.

“அட்வான்ஸத் திருப்பி அனுப்புங்க. ஊரு சிரிச்சாச் சிரிக்கட்டும். அந்த மரத்தடியில ஒருத்தி கருகுனா அது என் கையெழுத்து.”

அட்வான்ஸ் திரும்பிப் போனது. ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போனது. கொழுந்தனார் தன் பங்கைப் பிரித்துக்கொண்டு வெளியேறினார். காப்பீட்டுப் பணத்துக்கு மட்டும் அக்கா பலமுறை வங்கிக்கு நடந்தார். இன்னும் வரவில்லையா என்று அலுத்துக்கொண்ட என்னிடம், “போகும்னு சொன்னதக் கேட்டேனா? வரும்னு சொன்னதத்தான கேக்கேன்” என்றார். கடைசியில் வந்தது.

அதற்குப் பிறகு அவருடைய ஆலையில் மரத்தடியில் யாரும் உட்காரவில்லை. விபத்தும் இல்லை. அதுதான் அக்காவுக்கு வினையாகிப் போனது. ஆலை வெடித்திருந்தால் அனுதாபத்துக்காவது நான்கு பேர் வந்திருப்பார்கள். எதுவும் நடக்காததால், பயந்துபோய் நல்ல ஆர்டரை விட்டவர் என்று கடைசிவரை சொன்னார்கள். நடக்காமல் போனதற்கு எங்கே போய்ச் சாட்சி காட்டுவது? ஆலைப் பெண்கள் வேன்களில் வந்து இறங்கி அக்காவின் காலடியில் விழுந்து அழுததைப் பந்தலில் இருந்தவர்களும் பார்த்தார்கள். பார்த்தும் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

நான் அக்காவிடமிருந்து எடுத்து வைத்துக்கொள்வது ஒன்றுதான்: கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்பதற்காகத் தப்பான காரியத்தை நடக்க விட வேண்டியதில்லை, போய் நிறுத்தலாம், அதில் கேவலம் ஒன்றும் இல்லை. பிழைக்கத் தெரியாதவர் என்று இனி அவரை என் காதுபடச் சொல்பவர், என் பதிலையும் உட்கார்ந்து கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.