அக்கா ரத்தத்தில் இரண்டாவது கோடு

ஆஸ்பத்திரியில் என் அக்காவுக்குப் பெயர் ஊசியக்கா. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு டயாலிசிஸ் செய்யும் பிரிவில் லேப் வேலை. ரத்தம் எடுப்பதும் அவள்தான், சோதிப்பதும் அவள்தான். அங்கே டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் எங்கள் அப்பாவும் ஒருவர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மெஷின் ஓட ஆரம்பித்ததும் "போலாம் ரைட்!" என்று குரல் கொடுத்து வார்டையே சிரிக்க வைப்பார். எனக்கோ ரத்தத்தைப் பார்த்தாலே தலை சுற்றும். ஒரே வயிற்றில்தான் பிறந்தோமா என்று எனக்கே சந்தேகம்.

அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. ஹெபடைடிஸ் சி சோதிக்கும் கிட் புதுப் பெட்டி வந்தால், நோயாளிகளுக்குச் சோதிக்கும் முன் தன் ரத்தத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாள். நோயில்லாத ரத்தத்தில் ஒரு கோடுதான் விழும். இரண்டு விழுந்தால் தொற்று. "நல்ல ரத்தம் நம்ம கையிலயே இருக்கும்போது வெளிய எதுக்குடா தேடணும்?" என்பாள்.

அன்றைக்குக் காலையில் அவள் ரத்தத்தில் இரண்டு கோடு.

முதலில் கிட்டைத்தான் திட்டித் தீர்த்திருக்கிறாள். இன்னொன்றை எடுத்தாள். அதிலும் இரண்டு. பழைய பெட்டியில் மிச்சமிருந்ததிலும் இரண்டு. கூட வேலை பார்க்கும் பெண்ணின் ரத்தத்தை விட்டால் ஒரே கோடு. அரை நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தவள், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு என்னிடம் சொன்னாள்.

"எப்படி வந்துச்சு?"

"ரெண்டு மூணு மாசம் முன்னாடி ஊசி குத்திடுச்சுடா. ரத்தம் எடுத்துட்டு மூடியத் திருப்பிப் போடும்போது."

மூடியைத் திருப்பிப் போடாதே என்று புதிதாக வருகிறவர்களிடம் கத்துகிறவளே இவள்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன் யார்கிட்டயும் சொல்லல? உனக்கென்ன மூளை கெட்டுப் போச்சா?"

"அந்த ஆளுக்குத் தொற்று இல்லன்னு நான்தானே டெஸ்ட் பண்ணேன்! எத்தனையோ தடவை பண்ணிருக்கேன். ஒரே கோடுதான்."

"யாரு அந்த ஆளு?"

முன்னறையில் அப்பா ரேடியோவோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அக்கா அந்தப் பக்கம் பார்த்தாள்.

"அப்பா."

நான் குரலைத் தாழ்த்தினேன்.

"அவருக்கு இல்லன்னா உனக்கு எப்படி வரும்?"

"இந்தக் கிட் கிருமியப் பார்க்காதுடா. உடம்பு கிருமியோட சண்டை போட்ட அடையாளத்தத்தான் பார்க்கும். டயாலிசிஸ்ல இருக்கறவங்க சிலருக்குச் சண்டை போடவே தெம்பு இருக்காது. உள்ள கிருமி இருந்தாலும் கோடு விழாது." சொல்லிக்கொண்டே கதவை இன்னும் அழுத்திச் சாத்தினாள். "அவர் படுக்கற மெஷின்லதான்டா இன்னும் பலபேர் படுக்கறாங்க."

டயாலிசிஸ் பிரிவு டாக்டரம்மாவிடம் அன்று சாயங்காலமே போய்ச் சொன்னாள். வேலை போய்விடும் என்று நடுங்கிக்கொண்டேதான் போனாள். டாக்டரம்மா கத்தினார், அப்புறம் தண்ணீர் கொடுத்தார். அந்த மெஷினில் படுத்த எல்லோருடைய ரத்தமும், அக்காவுடையதும், கிருமியையே நேராகத் தேடும் பெரிய சோதனைக்கு வெளியே போனது. அப்பாவிடம், ஏதோ புது டெஸ்ட் என்று சொல்லிவைத்தோம்.

முடிவு வருகிற வரைக்கும் வீடு வீடாக இல்லை. அக்கா தன் பல் பிரஷ்ஷை ஒளித்து வைத்தாள். காய் நறுக்கக் கத்தியைத் தொடமாட்டேன் என்றாள். "சமையல்ல எல்லாம் ஒட்டாதுன்னு உனக்குத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தேன். அப்படிச் சொன்ன சூரப்புலி நான், யாருக்கும் தெரியாமல் என் ஷேவிங் பிளேடை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். போன் அடித்தால் இரண்டு பேருமே எடுக்கமாட்டோம். அப்பாதான் எடுத்து, "ராங் நம்பர்" என்பார்.

முடிவு வந்தது. மற்ற யாருக்கும் இல்லை. அக்காவுக்கு இருக்கிறது. அப்பாவுக்கும் இருக்கிறது. பழைய ஆபரேஷனில் ஏற்றிய ரத்தத்தில் வந்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா. மூன்று மாதம் போல மாத்திரை சாப்பிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடுமாம். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

அப்பாவுக்கு அக்காவே சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து, மாத்திரை, தனி மெஷின் எல்லாம் விளக்கினாள். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"இந்த உடம்புல இல்லாத வியாதியா? இதுவும் ஒரு ஓரமா நின்னுட்டு வரட்டும்."

"எனக்கும் இருக்குப்பா. நானும் மாத்திரை சாப்பிடணும்."

அப்பாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் பயந்து நான் பார்த்ததில்லை.

"என்கிட்டருந்தா?"

"சேச்சே, இல்லப்பா. லேப்ல எத்தனையோ பேர் ரத்தம். வேற யாரோடதோ."

அப்பா அவள் இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஒவ்வொரு விரலாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். ஆள்காட்டி விரலில் நிறுத்தினார்.

"இந்த விரல்தானேம்மா? அன்னைக்கு நான் பார்த்தேன்."