வசன பலூன் இல்லாத துக்கம்

தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். நம் ஆட்களால் ஒரு கட்டத்தைச் சும்மா விடவே முடியாது. மொழிபெயர்த்து வந்த பழைய சூப்பர்ஹீரோ இதழ்களை மாதவாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். சிலவற்றின் ஆங்கில மூலமும் என்னிடம் உண்டு. மூலத்தில் முகமூடி போட்ட ஒருவன் மழையில், மண் மூடிய குழியின் முன்னால் நிற்பான். ஒரு சொல் இருக்காது. அதே கட்டம் தமிழுக்கு வரும்போது தலைக்கு மேல் ஒரு பெட்டி முளைத்திருக்கும்: அந்தோ, அவன் இதயம் சுக்குநூறாகியது! அவன் நிற்கிற நிற்பிலேயே அது தெரிகிறதே, பெட்டி எதற்கு? யார் கேட்பது. பல வருடங்களாக அந்தப் பெட்டிகளோடு தனியாகச் சண்டை போட்டு வந்தேன். அந்தச் சண்டை என் சொந்தக்காரர்களோடும் வரும் என்று நினைக்கவில்லை.

என் அக்கா இறந்தது ஐப்பசியில், தீபாவளி கழிந்த வாரம். காலையில் தலைவலி என்று படுத்தவள் மறுநாள் மருத்துவமனையில் போய்விட்டாள். அவள் கணவரைப் பற்றி, என் மச்சானைப் பற்றி, இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சிங்காநல்லூரில் ஒரு பம்ப் கம்பெனியில் டிராயிங் பிரிவில் வேலை. பகல் முழுக்க கம்ப்யூட்டரில் பம்ப் வரைவார். வீட்டுக்கு வந்தால் பென்சிலில் பறக்கிற மனிதர்களை வரைவார். எனக்கும் அவருக்கும் நடுவில் உறவைவிட இந்தப் பைத்தியம்தான் பெரிது. அக்கா எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே திட்டுவாள்.

எங்கள் பக்கம் துக்கம் கேட்க வருகிறவர்கள் ஆறுதல் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அல்ல. பாயில் உட்காருவார்கள், கொஞ்ச நேரம் தரையைப் பார்ப்பார்கள், பிறகு எப்படிங்க ஆச்சு என்று கேட்பார்கள். இறந்தவருக்கு மிக நெருங்கியவர் முதலிலிருந்து சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்போது அடுத்த வண்டியில் பல்லடத்துக்காரர்கள் வந்து இறங்குவார்கள். மறுபடியும் தலைவலியிலிருந்து தொடங்க வேண்டும். கேட்காமல் போனால் மரியாதைக் குறைவு. சொல்லாமல் இருந்தால் அதைவிட. போதாததற்கு ஏற்கெனவே கேட்டவர்களும் எழுந்து போகாமல் கூடவே உட்கார்ந்து, விட்டுப்போனதை எடுத்துக் கொடுப்பார்கள். ஒரு முறை மச்சான் ஆம்புலன்ஸ் வரைக்கும் வந்துவிட்டபோது ஒரு பெரியவர் குறுக்கிட்டு, "காபி வேண்டாம்னு சொன்னத உட்டுப்போட்டீங்களே" என்றார். மச்சான் திரும்பிப் போய்க் காபியிலிருந்து வந்தார். இன்னொரு முறை அவர் புதன்கிழமை என்று சொன்னதைச் செவ்வாய் என்று நான் திருத்தினேன். அதற்குக் கிடைத்த பார்வைக்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை.

மார்கழியிலும் வந்தார்கள், தை அறுவடை முடிந்தும் வந்தார்கள். கல்யாண மண்டபத்தில் பந்தி நடக்கும்போதுகூட அவரை ஓரமாகக் கூட்டிப்போய் உட்கார வைத்துக் கேட்டார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. அதனால்தான் யாரையும் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

பங்குனியில் மச்சான் ஒரு கட்டுத் தாளை என்னிடம் கொடுத்தார். முதல் பக்கத்தில், மலைப்பாதையில் கவிழப்போகும் ஒரு பஸ்ஸை ஒருவன் தோளில் தாங்கி நிறுத்துகிறான். மேலங்கி காற்றில் விறைத்து நிற்கிறது. அடுத்த பக்கத்தில் அவன் வீட்டுக்குப் பறந்து வருகிறான். மேலிருந்து பார்த்தால் வாசல் நிறையச் செருப்புகள். அவ்வளவுதான், யாரோ இறந்துவிட்டார்கள் என்பது அந்தச் செருப்புகளிலேயே தெரிந்துவிடுகிறது. பிறகு கட்டத்துக்குக் கட்டம் திறந்த வாய்கள். ஒன்றின் மேலும் பலூன் இல்லை.

மீதிக் கதை முழுக்க வீட்டின் பின்பக்கத்துக் கொடியில் நடக்கிறது. கொடியில் பூப்போட்ட நைட்டி ஒன்று, இரண்டு கிளிப்போடு. வெயில் அடிக்கிறது, மழை பெய்கிறது, காக்கா உட்காருகிறது. இவன் தீயணைக்கப் பறந்து போகிறான், கரி அப்பிய முகத்தோடு திரும்பி வருகிறான், ஒவ்வொரு தடவையும் நைட்டிக்கு அடியில் குனிந்து போகிறான். பஸ்ஸைத் தூக்கியவன் அதை மட்டும் எடுக்கவில்லை. பூக்கள் மெல்ல மெல்ல வெளுக்கின்றன. கடைசிப் பக்கத்தில் தன் மேலங்கியைத் துவைத்து அதன் பக்கத்தில் காயப் போடுகிறான்.

இந்த வகைக் கதைகளில் எனக்குப் பெரிய எரிச்சல் ஒன்று உண்டு. யாரும் நிலையாகச் சாவதில்லை. காதலியைக் கொல்வார்கள், ஊரே அழும், சில மாதம் கழித்து வேறொரு உலகத்திலிருந்து அவள் சிரித்துக்கொண்டே திரும்பி வருவாள். படிக்கிறவனும் அதைத் தெரிந்துகொண்டே அழுகிறான். மச்சானின் பக்கங்களில் அந்த ஏமாற்று இல்லை. வசனம் இருந்தால் கண் அதைப் படித்துவிட்டு அடுத்த கட்டத்துக்கு ஓடிவிடும். இங்கே ஓடுவதற்கு எதுவும் இல்லாததால், நைட்டியின் சாயம் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

ஆனாலும் என் புத்தி போகுமா? சமையலறைச் சுவரில் தினசரிக் காலண்டர் வரைந்திருந்தார், தாளில் எண்ணே இல்லை. தேதி விட்டுப்போயிருக்கிறது என்றேன்.

"போட்டா நீ சரிபாக்க ஆரம்பிச்சிருவ, மாப்ள" என்றார்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்று. முதல் வருஷத் திதிக்கு எல்லோரும் வருவார்கள். திரும்பவும் பாயில் உட்காருவார்கள், திரும்பவும் கேட்பார்கள். அன்றைக்கு வாய் திறந்து சொல்ல அவரால் ஆகாது. இதைப் புத்தகமாக அடித்து ஆளுக்கு ஒன்று கொடுத்துவிட வேண்டும். உள்ளே ஒரு எழுத்து இருக்கக் கூடாது. செய்கிறேன் என்று ஒப்புக்கொண்டேன்.

டவுன்ஹால் பக்கத்துச் சந்தில் ஒரு அச்சகம். அதை நடத்துகிறவரைத் தெருவே பாய் என்று கூப்பிடும், நல்ல மனிதர். தாள்களைப் புரட்டிவிட்டு மேட்டர் எப்ப வரும் என்று கேட்டார். மேட்டர் இல்லை, படம் மட்டும்தான் என்றேன். சிரித்தார். மறுநாள் அவர் கடைப் பெண் போன் செய்து மேட்டரை வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னாள். அதற்கடுத்த நாளும் சொன்னாள். நேரில் போனேன்.

"எழுத்தே இல்லாம எப்படீங்க சார் அடிக்கறது?" என்றார் பாய். "பாக்கறவங்க அச்சுல உட்டுப்போச்சுன்னு எங்களைத்தானுங்க சொல்லுவாங்க."

அதிலும் நியாயம் இருந்தது. பொறுப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தேன். ப்ரூஃப் வந்தது. திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, மறைவு என்பதற்கு நேரே தேதி ஒரு நாள் தள்ளிப் போடப்பட்டிருந்ததுதான். பேனாவை எடுத்து அடித்துத் திருத்தினேன். திருத்திய பிறகுதான் உறைத்தது: அந்த வரி அங்கே இருக்கவே கூடாது. பஸ்ஸைத் தோளில் தாங்கி நிற்கிறவனின் காலடியில், சுவரில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரைப்போல, இடப்பக்கம் தோற்றம், வலப்பக்கம் மறைவு. ஊரில் யார் பார்த்தாலும் செத்தது அந்தப் பறக்கிற ஆள்தான் என்று மாலை போட்டுவிடுவார்கள். உள்ளே இன்னும் மோசம். ஒவ்வொரு வாயின் மேலும் பலூன். நைட்டிக்கு மேல் ஒரு பெட்டி: கொடியில் காயுது உன் துணி, என் கண்ணில் காயாது உன் நினைவு.

பாயிடம் பாய்ந்தேன். உங்க மாமாதானுங்க அனுப்பினார் என்றார். என் தாய்மாமா, பல்லடத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது தாண்டியவர். புத்தகம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, அச்சகத்தைத் தேடிப் பிடித்து, படங்களை வாங்கிப் பார்த்து, எல்லாவற்றுக்கும் எழுதி அனுப்பியிருக்கிறார். கேட்டால் அவருக்குத்தான் வருத்தம்.

"ஊமைப் படமாட்ட இருக்குதேப்பா. நம்ம புள்ளைக்கு நாலு வார்த்தை நல்லதா எழுத நமக்கு நாதியில்லையா?"

அக்கா அவர் மடியில் வளர்ந்த பிள்ளை. அதைச் சொல்லியே என் வாயை அடைத்தார். ஆனால் எழுத்துகளை எடுக்கச் சொல்லிவிட்டேன். எடுத்தபோது தோற்றம், மறைவு மட்டும் தப்பிவிட்டன. அது எப்போதும் இருக்கிறதுதானே என்று கடைப் பெண் விட்டுவிட்டாள். மறுபடி போனேன். அட்டையில் அக்காவின் போட்டோ இல்லையா என்று கேட்டார்கள். மறுபடியும் போனேன். திதி ஐப்பசியில் முன்கூட்டியே வந்துவிட்டது, ஆங்கிலத் தேதிப்படி இன்னும் நாள் இருந்தது. இதை எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன் என்று தெரியவில்லை. எப்படியோ முந்தின நாள் சாயங்காலம் வெறும் படங்களாகவே புத்தகம் கைக்கு வந்தது.

திதியன்று ஐயர் போனதும் மச்சான் எல்லோருக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தார். ஆளுக்கு நாலு பக்கம் புரட்டினார்கள். அப்புறம் ஆரம்பித்தார்கள். இவன் யாருங்க, ஏன் பறக்கிறான், அக்கா எந்தப் பக்கத்தில் வருகிறாள்? பின்பக்கம் எழுத்து இருக்கிறதா என்று சிலர் திருப்பிப் பார்த்தார்கள். ஒருவர் புத்தகத்தை மடித்து விசிறிக்கொண்டார். மாமாவோ நடுக்கூடத்தில் நான்கைந்து பேரைச் சேர்த்து வைத்துக்கொண்டு, எடுத்துவிட்ட தன் வசனங்களை மனப்பாடமாக, கட்டம் கட்டமாக விரல் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியே போய்விடலாமா என்றிருந்தது.

அப்போது வெள்ளகோவில் அத்தை வந்தார், என் அப்பாவின் தங்கை. போன வருஷம் முட்டி ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்ததால் துக்கத்துக்கு வர முடியாமல் போனவர். அந்தக் குறை அவர் முகத்திலேயே இருந்தது. பாயில் உட்கார முடியாமல் நாற்காலியை மச்சான் பக்கத்தில் போடச் சொன்னார். தரையைப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்பிள்ளை, எப்படிங்க ஆச்சு?"

மச்சான் புத்தகத்தை எடுத்து அவர் மடியில் வைத்தார். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினார். செருப்புகளில் கொஞ்சம் நின்றார். கொடிக்கு வந்ததும் புரட்டுவதை நிறுத்திவிட்டார். மாமா அதைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"அது என்னன்னா அம்மணி, அந்தத் துணி இருக்குது பாரு, அது வந்து..."

"ஏனுங்க, நீங்க சித்த சும்மா இருங்க" என்றார் அத்தை. "நான் பாத்துட்டிருக்கறனில்ல."

எங்கள் குடும்பத்தில் மாமாவை அப்படிச் சொன்னவர்கள் கிடையாது. மாமா திரும்பிப் போனார். அத்தை ஒரு பக்கத்தை முன்னால் திருப்பி, பின்னால் திருப்பிப் பார்த்தார்.

"இத எடுத்துப்போட்டீங்களா?" என்று நைட்டியின் மேல் விரல் வைத்து மச்சானிடம் கேட்டார்.

"எடுத்துட்டேனுங்க. போன மாசந்தான்."

"எங்கூட்டுக்காரரு சட்டை இன்னும் ஆணியிலதான் கெடக்குது" என்றார் அத்தை. அத்தையின் கணவர் இறந்து வருஷங்கள் ஆகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். சட்டை யாருக்கும் தெரியாது. மச்சான் தலையாட்டினார். என்ன சட்டை என்று கேட்டார். வெள்ளை என்றார் அத்தை, பாக்கெட்டில் ஒரு பஸ் டிக்கெட் இருக்கிறதாம்.

தலைவலியைப் பற்றியோ ஆம்புலன்ஸைப் பற்றியோ அவர் கேட்கவில்லை. கூடத்தின் மறுபக்கத்தில் என் தாய்மாமா வேறொருவரைப் பிடித்து, பஸ் ஏன் கவிழப் பார்த்தது என்று விளக்க ஆரம்பித்திருந்தார். அவரை நிறுத்தப் போன என்னை மச்சான் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

அத்தை புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"சாப்டீங்களா?" என்றார்.

இல்லை என்றார் மச்சான். அவருக்கும் சேர்த்து இலை போடச் சொல்லிவிட்டு, நாற்காலியின் கையைப் பிடித்து அத்தை எழுந்தார்.