நலங்குப் பாட்டும் என் கீபோர்டும்

என் மனைவி நலங்குப் பாட்டு எழுதுவதில் கெட்டிக்காரி. கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டாரைக் கிண்டல் செய்து பெண் வீட்டார் பாடுகிற பாட்டு அது. வார்த்தை புரிந்தால்தான் சிரிப்பு வரும். ஆனால் மைக்கைப் பிடித்துப் பாட அவளுக்குக் கூச்சம். அதனால் அவள் வீட்டிலேயே பாடுவாள், நான் கம்ப்யூட்டரில் பதிவு செய்து இசை சேர்ப்பேன், மண்டபத்து ஸ்பீக்கரில் போடுவார்கள். போன வருஷம் அவளுடைய பெரியப்பா மகள் கல்யாணத்தில் அப்படித்தான் போட்டோம். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நான் மண்டபத்து ஸ்பீக்கரைத் திட்டினேன். அவள் வீட்டுக்கு வந்து அழுதாள்.

இந்த வருஷம் அவள் தங்கைக்கே கல்யாணம். "இந்த வாட்டியும் யாருக்கும் புரியலைன்னா இதோட பாட்டையே வுட்டுடறேன், சொல்லிட்டேன்," என்றாள். சொன்னால் செய்கிறவள்.

வேங்கிக்காலில் எங்கள் வீட்டுப் படுக்கையறைதான் ஸ்டுடியோ. பீரோவிலும் ஜன்னலிலும் போர்வைகளைத் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்கப் பதிவு செய்தோம். டோலக் வாசித்தவர் டவுனில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பாய், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். கீபோர்டு நான். என் வாசிப்பைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு. வேறு யாருக்காவது உண்டா என்று விசாரித்ததில்லை.

குரலுக்கு எக்கோவைத் தாராளமாகச் சேர்த்தேன். ஒலிபெருக்கிப் பாட்டிலேயே கண் விழிக்கிற ஊர் எங்களுடையது. எக்கோ இல்லாத குரல் எங்களுக்கு உப்பில்லாத குழம்பு. ஹெட்போனில் கேட்டபோது ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது.

மறுநாள் தையல்காரரிடம் ரவிக்கை கொடுக்க இருவரும் ஆட்டோவில் டவுனுக்குப் போனோம். டிரைவரிடம் கேட்டு அவருடைய ஸ்பீக்கரிலேயே பாட்டைப் போட்டேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"மியூசிக் சூப்பர் சார். அம்மன் பாட்டா?"

மாப்பிள்ளையின் அத்தையைக் கேலி செய்த பாட்டு, பக்திப் பாட்டாகியிருந்தது. மனைவி வெளியே வேடிக்கை பார்க்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாட்டின் வரிகள் எனக்கு மனப்பாடம். காதில் விழாத சொல்லையும் மனசு தானாகவே போட்டு நிரப்பிக்கொண்டிருந்தது. போன வருஷமும் இதே கதைதான். பாவம், அந்த ஸ்பீக்கர்.

அன்று மாலை பாயைக் கூப்பிட்டேன். முதலில் எக்கோவை எடுத்துவிட்டுக் குரலை மட்டும் தனியாகக் கேட்டோம். குரலுக்கு அடியில் கேட்ட உறுமல் சத்தத்தை வெட்டினேன். பிறகு டோலக்கைச் சேர்த்தேன்.

"என்து ஜாஸ்தியா கீது, கம்மி பண்ணு," என்றார் பாய். எந்தக் கலைஞனும் சொல்லாத வார்த்தை. குறைத்தேன். சொற்கள் புரிந்தன. கீபோர்டைச் சேர்த்தேன். மறுபடியும் கூழாகிவிட்டது.

குரலை ஏற்றினேன். கீபோர்டு அமுங்கியது போலத் தோன்ற, அதையும் ஏற்றினேன். பாய் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அவங்க பேசும்போது நீ எதுக்குப்பா குறுக்க குறுக்க பேசுற? அவங்க வாய மூடினப்புறம் நீ பேசேன்."

கோபம் வந்தது. அந்த வாசிப்புக்காக நான் மூன்று நாள் பயிற்சி செய்திருந்தேன். ஆனாலும் அவள் அழுத முகம் கண்முன் வந்தது. அவள் பாடுகிற இடமெல்லாம் கீபோர்டை அணைத்தேன். வரிக்கும் வரிக்கும் நடுவில் மட்டும் கொஞ்சம் விட்டுவைத்தேன். பிள்ளையின் தலையை மொட்டையடிப்பது போலிருந்தது.

ரவிக்கை வாங்கப் போனபோது வேறொரு ஆட்டோ, வேறொரு டிரைவர். பாட்டு ஓடியது.

"மாப்பிள்ளையோட அத்தையம்மா மலை சுத்தப் போனாங்க,
அடி அண்ணாமலை வரைக்கும் நடந்து ஆட்டோ புடிச்சு வந்தாங்க."

அடி அண்ணாமலை, மலை சுற்றும் வழியில் பாதி தூரம்தான். டிரைவர் வண்டியையே ஓரம் கட்டிவிட்டார். "அய்ய, அங்கேர்ந்து நானே எத்தினி பேர ஏத்திகினு வந்திருக்கேன்!" என்று ஹேண்டிலைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மனைவி என் தொடையில் கிள்ளினாள். நல்ல வலி. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு.

கல்யாணத்தில் பாட்டு தொடங்கியதும் பேச்சு அடங்கியது. முதல் வரிக்கே சிரித்தார்கள். ஆட்டோ வரிக்கு மண்டபமே அதிர்ந்தது. பாட்டு முடிந்ததும் மாப்பிள்ளையின் அத்தை, நல்ல ஆகிருதி, எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டார். கோபித்துக்கொண்டாரோ என்று பயந்தேன். அவர் பாடினார்.

"பொண்ணுக்கு அக்கா ஆக்கி வச்சாங்க, பொங்கல்னு சொன்னாங்க,
ஒட்டிக்கிட்ட கரண்டியத்தான் ஊரே சேர்ந்து இழுத்தாங்க!"

எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். பதில் பாட எங்களிடம் பதிவு எதுவும் இல்லை. நான் மனைவியைப் பார்த்தேன். அவள் இருந்த நாற்காலி காலியாக இருந்தது. அவள் நடுவில் போய் நின்றிருந்தாள், மைக் இல்லாமல்.

"இழுத்துப் போட்ட கரண்டியத்தான் கழுவ யாரு வருவாங்க?
மாப்பிள்ளைய அனுப்புங்க, மசமசன்னு நிக்கிறாங்க!"

கடைசி வரிசையிலிருந்த பாய் விசிலடித்தார். அத்தையும் அவளும் ஆளுக்கு நான்கு பாட்டு பாடி, கடைசியில் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் வெட்கமில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் பாய் வீட்டில் ஒரு கல்யாணம். பாட்டு கேட்டிருக்கிறார்கள். எப்போது பதிவு செய்யலாம் என்று மனைவியிடம் கேட்டேன்.

"பதிவுலாம் எதுக்குங்க? நேராவே பாடிடறேன்," என்றாள், எழுதுகிற தாளிலிருந்து தலையைத் தூக்காமலே.