அவர் பழக்கிய கார்

கோச்சடையில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் பால் வாங்கப் போனாலும் கையுறை மாட்டித்தான் காரை எடுப்பார். ஸ்டியரிங்குக்குப் பின்னாலுள்ள இடது பேடில் என்ற சிறு நெம்பைத் தட்டிக் கியரைக் குறைத்தால், ஓடும் வேகத்துக்கு ஈடாக இன்ஜின் தானாகவே ஒருமுறை உறுமும். ஏதோ தன் கைவித்தை போல அவர் மீசையைத் தடவுவார்.

“நான் பழக்குன வண்டி மாப்ள. வேற ஆளு தட்டுனா உறுமாது, கியர்தான் ஒடையும். அதான் ஒங்க அக்காகிட்ட சாவியே குடுக்குறதில்ல.”

அவர் மனைவி லைசென்ஸ் எடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

ஒருநாள் அவருடன் கொட்டாம்பட்டி போகும் வழியில் அவருக்கு முதுகு பிடித்துக்கொள்ள, நான் ஓட்ட வாய்த்தது. தட்டினேன். அதே உறுமல்.

“கம்ப்யூட்டர் பண்ற வேலை மாமா. யார் தட்டுனாலும் உறுமும்.”

“அவ தட்டுனாலுமா?”

“ஆமா.”

“வீட்ல சொல்லிறாத மாப்ள” என்றார்.

திரும்பியதும் நேராக அக்காவிடம்தான் போனேன்.